பேபிக்கு விழுந்த திட்டு

ஆரணியில் பொம்மையோடு வாய்ச்சண்டை போட்டே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பொம்மை சார்தான். அவருடைய நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்திருக்கும். பட்டுச் சேலைக் கடையில் அவர் சூப்பர்வைசர். நாங்கள் சேலை விரித்துக் காட்டும் பட்டாளம்.

கடை வாசலில் அரக்குப் பட்டு கட்டி ஒரு பொம்மை நிற்கும். அதற்கு பேபி என்று பெயர் வைத்திருந்தார். எங்களில் யார் தப்பு செய்தாலும் திட்டு பேபிக்குத்தான். ஒருநாள் நான் சேலை அலமாரியில் சாய்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். சார் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

"ஏம்மா பேபி, கஸ்டமர் வந்துகினு இருக்காங்க, நீ இன்னா போனை நோண்டிகினு நிக்கிற?"

பேபிக்கு இடது கை உடைந்து, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தோம். அது எங்கே போனை நோண்டுவது? என் போன் தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

பாராட்டு மட்டும் நேராக வரும், ஊருக்கே கேட்கும்படி. "முருகன் மடிச்ச சேலைய வந்து பாருங்கய்யா!" என்று அவர் கத்தினால் எதிர் டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்ப்பார். அன்று முழுக்க நின்றாலும் எனக்குக் கால் வலிக்காது.

புதிதாக வரும் கஸ்டமர்கள்தான் மிரளுவார்கள். போளூர்க்காரர் ஒருவர் என் காதில் கிசுகிசுத்தார்.

"இன்னாப்பா, அவருக்கு எதுனா கோளாறா?"

"அதெல்லாம் இல்லீங்க. அந்தப் பொம்மைதான் ரொம்ப வாலு."

தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் கலா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பா படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. ஆவணி மாசக் கூட்டத்தில் ஒரு பெண் வீட்டார் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து முகூர்த்தப் பட்டு கேட்டார்கள். அதற்கு முதலில் விரிப்பது மஞ்சளாகவோ அரக்காகவோ இருக்க வேண்டும். கறுப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. கலாவோ, கடையிலேயே தனக்கு ரொம்பப் பிடித்த கறுப்புப் பட்டை ஆசை ஆசையாக எடுத்து விரித்தாள்.

மணப்பெண்ணின் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். மொத்தக் கூட்டமும் எழுந்தது. முதலாளி கல்லாவிலிருந்தே கத்தினார்.

"யோவ், இந்தப் பொண்ணை இப்பவே வீட்டுக்கு அனுப்புய்யா! நாளைக்கு வர வேணாம்!"

சார் கலாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பேபியிடம் போய், தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதற்கு மாட்டினார்.

"ஏம்பா சூப்பர்வைசர்! மொதல்ல கறுப்பை விரிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணுக்கு நீ சொல்லிக் குடுத்தியா? குடுக்கல. அப்போ தப்பு யாருது? கெளம்பு, வேலைய வுட்டு நீ போ!"

பேபியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கியும் விட்டார். கண்ணாடி இல்லாததால் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கடைக்குள்ளேயே வந்து அத்தையின் மேல் இடித்தார். பேபியின் இடது கை கழன்று அத்தையின் கையில் விழுந்தது. முதலில் சிரித்தது அத்தைதான். சிரித்த வேகத்தில் மறுபடி ஜமக்காளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பேஜார் புடிச்ச கடையா இருக்குதே! ஜல்தியா மஞ்சளை எடும்மா" என்றார், கலாவிடமே.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அதை எடத்துல வைய்யா. பேபி, நீ, அந்தப் பொண்ணு, எல்லாரும் இருந்து தொலைங்க!"

சார் இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கல்யாணப் பட்டுப் பிரிவே கலாவின் பொறுப்பில். சூப்பர்வைசர் நான். ஆட்களை எப்படி நடத்துவது என்று சென்னையில் ஓர் ஓட்டலில் எனக்கு வகுப்பெல்லாம் நடத்தினார்கள். பிரியாணி நன்றாக இருந்தது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பட்டுச் சேலையில் காபியைக் கொட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கடையைப் புதுப்பித்தபோது பேபி போய், புதுப் பொம்மைகள் வந்துவிட்டன. அவற்றுக்குத் தலையே கிடையாது. இப்போது அதுதான் பேஷனாம். கழற்றிய என் மூக்குக் கண்ணாடியோடு நின்றேன். மாட்ட முகமில்லை. சார் குரலைக் கேட்டே ஆக வேண்டும் போலிருந்தது. போன் போட்டுச் சொன்னேன்.

"தலை இல்லியா?" சார் பதறிவிட்டார். "அப்போ காது? திட்டினா யாருப்பா கேக்கறது?"

"நான் கேக்கறேன் சார். ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போங்க."