ஸௌம்யாவின் திடீர்ப் புறப்பாடு

சின்ன காஞ்சிபுரம்,
7-12-1998

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் பராங்குசம் சேவித்து எழுதிக்கொண்டது. இங்கே என் மானம் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் க்ஷேமம். திருவல்லிக்கேணியில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் அனுக்கிரகிக்கட்டும்.

ஊனமுற்றோர் தினத்துக்கு நம் தெருச் சங்கம் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டது. செயலாளர் என்ற முறையில் ஏற்பாடெல்லாம் அடியேன். பேச்சாளர் ஸௌம்யா, நம் ஊர்ப் பெண், வங்கி அதிகாரி, சக்கர நாற்காலியில் வருபவள். பெருமாள் புறப்பாட்டில் எழுந்தருளும் நம் தெரு மண்டபத்தில்தான் கூட்டம்; அதன் வாசலில் 'அனைவரும் உள்ளே வருக' என்று பெரிய பேனர் கட்டினேன். அவள் வந்து இறங்கிய பிறகுதான், பேனருக்குக் கீழே தங்கள் தகப்பனார் உபயமாகக் கட்டிக்கொடுத்த படிகள் இருப்பது என் கண்ணில் பட்டது.

கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கோயிலில் பெருமாள் பல்லக்கைச் சுமக்கும் ஆதிகேசவன் தன் ஆட்களோடு வந்தான். "சாமியையே தூக்கறோம், இந்தப் பொண்ணைத் தூக்க மாட்டமா?" என்று, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், நாற்காலியை மூங்கில்களில் கட்டித் தோளில் ஏற்றிவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. தோளில் மூங்கிலைப் பார்த்ததும், வரவேற்புக்கு வந்திருந்த நாதஸ்வரக்காரர் பழக்க தோஷத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியைப் பிடித்தார். மல்லாரி காதில் விழுந்ததும் ஆதிகேசவன் ஆட்களின் கால்கள் அதே பழக்க தோஷத்தில் படியை விட்டு வீதிக்குத் திரும்பி, ஆடி ஆடி நடக்க ஆரம்பித்தன. யாரோ என் கையில் சுவாமிக்குப் பிடிக்கும் குடையைக் கொடுத்தார்கள், நானும் பிடித்தேன். வீட்டுக்கு வீடு கற்பூரம். மணியம்மாள் என்கிற கறிகாய்க்காரி தேங்காயை உடைத்துவிட்டு, "இது எந்த சாமிம்மா, புதுசா இருக்குது?" என்று என் அகத்துக்காரியைக் கேட்டாள். ஸௌம்யா "இறக்குங்கோ! இறக்குங்கோ!" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது?

வீதியெல்லாம் சுற்றி மண்டபத்தில் இறக்கினால், சபையே எழுந்து கைகூப்பி நிற்கிறது. ஸௌம்யா மைக்கைப் பிடித்தாள். "பராங்குசம் மாமா, நான் வாரா வாரம் சங்கக் கூட்டத்துக்கு வரணும். ஒவ்வொரு தடவையும் நாதஸ்வரம் வெப்பேளா? படி மேல சரிவா சிமெண்ட் போடுங்கோ. நானே வந்துக்கறேன்."

"பொண்ணு சொல்றது கரெக்டுபா. இந்தப் படியில சாமியத் தூக்கிக்கினு ஏறி ஏறி என் முட்டியே போயிடுச்சி" என்றான் ஆதிகேசவன். கைதட்டல் அடங்கவில்லை.

சரிவு போட்டால் தங்கள் தகப்பனார் பெயர் பொறித்த படி மறைந்துவிடும். எனக்கு வயிறு எரிகிறது. 'கூடவே கூடாது' என்று தாங்கள் ஒரு வரி எழுதுங்கள். அதைக் காட்டியே நிறுத்திவிடுகிறேன். முழங்கால் வலியால் அக்கா பல வருஷமாக மண்டபத்து விசேஷம் எதற்கும் வராததில் எங்களுக்கு மனக்குறைதான். என்ன செய்வது, படி அப்படி!

அக்காவுக்கு என் நமஸ்காரமும் அவள் முழங்காலுக்கு என் விசாரிப்பும்.

தங்கள் பதிலை நம்பியே மிச்ச மானத்தோடு இருக்கும்,
பராங்குசம்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஆதிகேசவன் சிமெண்டைப் போட்டு அது காய்ந்தும் விட்டது. ஸௌம்யா போன் செய்து அக்காவை வரவழைத்திருக்கிறாள். தங்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, தெரியாது. இருவருமாகச் சரிவில் ஏறினார்கள். "மாமனார் பேர் மேல நடக்கறேன், அவர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்" என்று சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். பதிலை அக்கா பெயருக்கு, மண்டப விலாசத்துக்கே போடவும். அவள் இப்போதைக்கு இறங்குவதாகத் தெரியவில்லை.