குணலட்சுமி தூள்ப்பேணி மீட்ட படலம்

வாழி! உப்பங்காற்று வீசும் கொழும்புத்துறையின் குலவிளக்கும், நாற்பது ஆண்டுகள் ஓரடுப்பின் முன் அகப்பையே செங்கோலாக அரசோச்சியவளும், புற்றுநோய் என்னும் கொடும்பகைவன் வாசலேறி வந்தபோது வலமார்பை அவன் முகத்தில் வீசியெறிந்துவிட்டு அறுபத்தாறாம் வயதில் உயிரோடு வீடு திரும்பியவளும், வாய்திறவாப் பெருந்தகை பரமலிங்கத்தாரின் இல்லக்கிழத்தியும் ஆகிய குணலட்சுமி அம்மையார் வாழி! யானைமுகத்தோனே, கலைமகளே, அவள் போர்த்திறம் பாட எமக்குச் சொல் அருளுங்கள். அருளாவிட்டாலும் கதை நிற்கப்போவதில்லை.

எமன் கையிலிருந்து தப்பியவள் மச்சாள் கையில் அகப்பட்டாள். பரமலிங்கத்தாரின் தமக்கை சின்னாச்சி, கரவெட்டியிலிருந்து ஒரு சூட்கேசோடு "துணைக்கு" வந்திறங்கினாள். நாற்பது ஆண்டுகளாகக் குணலட்சுமியின் கறியில் குற்றம் காணாமல் ஒரு கவளமும் விழுங்கியறியாத அந்த நக்கீர வாயில் இப்போது தேன் வடிந்தது. "பாவம், நீ படு பிள்ளை" என்றாள். கஞ்சி ஆறிப்போய்விட்டது என்று குணலட்சுமி சினந்தாலும், "பாவம்" என்றாள். சத்திரசிகிச்சைக் கத்தி நோகச் செய்ததைவிட இந்தப் பாவம் அதிகம் நோகச் செய்தது. நோய் போய்விட்டது, நோயாளியை மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறார்களே என்று அம்மையாரின் நெஞ்சு கொதித்தது.

கொதிப்பு அத்தோடு முடியவில்லை. போரினால் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தடை இருந்த அந்தக் காலத்திலும் கொழும்புத்துறையில் மிளகாய்த்தூளுக்குத் தடை இருந்ததில்லை. அந்தக் குறையைச் சின்னாச்சி தீர்த்துவைத்தாள். பத்தியம் என்ற பெயரில் அடுப்படியைக் கைப்பற்றி, தூள் படாத வெள்ளைக்கறியும் தேங்காய்ப்பால் சொதியுமாக ஆட்சி நடத்தினாள். குணலட்சுமி தன் கையால் வறுத்து இடித்த தூள் நிறைந்த பெரிய பிஸ்கற் தகரப்பேணியைத் தூக்கி அடுப்படித் தட்டின் உச்சியிலே சிறைவைத்தாள். வைத்துவிட்டு, அகப்பையை உயர்த்திப் பிரகடனமும் செய்தாள்:

"இஞ்சை பார் மச்சாள்! கதிரை வைச்சு ஏறாமல், நிலத்திலை நிண்டு, ரெண்டு கையாலும் நீயே இந்தப் பேணியை எண்டைக்கு இறக்கிறியோ, அண்டைக்கு அடுப்பு உன்ரை. நான் கரவெட்டிக்குப் போயிடுவன். அதுவரைக்கும் உந்தத் தூள் உனக்குக் கூடாது!"

எளிதான நிபந்தனையா இது? அம்மையாரின் வலக்கரமோ தோள்மட்டத்தோடு நின்று, அதற்குமேல் ஒரு விரற்கடையும் எழமாட்டேன் என்று அடம்பிடித்தது. கால்களோ மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்து சோர்ந்தவை. குண்டுவிமானம் இரைந்த நாட்களில் முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் அவளை இறக்க இரண்டு பேர், ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அவ்வேளையில் ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் வீற்றிருந்த பத்மாசினி மிஸி என்னும் தாதிக் குருநாதை அவளுக்குப் படைக்கலங்கள் வழங்கினாள். கை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத்தரம் எழும்புதல். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு குதி உயர்த்தி நிற்றல். மணல் நிரப்பிய சோடாப் போத்தல்களைத் தூக்கி இறக்குதல். இவற்றுக்கெல்லாம் மேலான பேரஸ்திரமாக, சுவரேறல். "சுவரைப் பார்த்து நிண்டு விரலாலை ஏறுங்கோ அம்மா, நண்டு ஏறுறமாதிரி. ஏறின உயரத்திலை கரியாலை ஒரு கோடு போடுங்கோ" என்பது உபதேசம்.

மூண்டது போர்! நாள்தோறும் காலையில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அடுப்படிக்கு வெளிப்புறச் சுவரென்னும் கோட்டைமதிலை எதிர்த்து, ஐவிரற் படையை அனுப்பினாள் அம்மையார். சுட்டுவிரல் முன்னேறும், நடுவிரல் தொடரும், சுண்டுவிரல் பின்வாங்கும், அக்குளில் தழும்பு சுரீரென்று இழுக்கும், கண்ணில் நீர் முட்டும், மதில்மேற் காவலிருந்த பல்லி நச்சென்று நகைக்கும். ஐப்பசியில் மோவாய் உயரத்தில் இருந்த கரிக்கோடு கார்த்திகையில் மூக்கைக் கடந்தது, மார்கழியில் நெற்றியைத் தாண்டியது. கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் குணலட்சுமிக்குத் தான் உயிரோடு இருப்பது உறுதியாகத் தெரிந்தது.

தை பிறக்க இரண்டு நாள் இருந்தபோது, பொங்கலுக்கு வீடு வெளிக்கவேண்டுமென்று சின்னாச்சி சுண்ணாம்பு கரைத்தாள். தும்புக்கட்டால் நாலே இழுப்பு. மூன்று மாத வெற்றிக் கோடுகள் அத்தனையும் கரிப்புகையென்று அவளுக்குத் தோன்றி, அடியோடு அழிந்தன. வெள்ளைச் சுவரின் முன் குணலட்சுமி நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். ஆறுதல் சொல்ல வந்த பரமலிங்கத்தார், எந்தப் பக்கமும் சாயாமல், "சுவர் நல்ல வெளிப்பாய் இருக்கு" என்றார். அழுகை அக்கணமே நின்று கோபமாயிற்று. அவள் கையூன்றாமல் எழும்பினாள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு. கடலால் வந்த மீனவன் ஏரம்பு வாசற்படலையடியில் ஆறு நண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனான். சின்னாச்சி அவற்றை உடைத்துக் கழுவி, தேங்காய்ப்பால் பிழிந்துவைத்து, "வெள்ளைக்கறி வைப்பம்" என்றாள். நண்டுக்கு வெள்ளைக்கறி! அண்டம் குலுங்கிற்று, குறைந்தபட்சம் பரமலிங்கத்தார் குலுங்கினார்.

சுவரும் வேண்டாம், கோடும் வேண்டாம் என்று அம்மையார் நேரே அடுப்படிக்குள் புகுந்தாள். தட்டின் முன் காலூன்றினாள். இடக்கரம் ஒரே பாய்ச்சலில் உச்சியை எட்டி வலக்கரத்துக்காகக் காத்து நிற்க, வலக்கரத்து விரல்கள் உப்புச்சாடி இருந்த முதற்தட்டைக் கடந்து, புளிமுட்டி இருந்த இரண்டாம் தட்டைக் கடந்து, வெந்தயமும் பெருஞ்சீரகமும் காவல்காத்த மூன்றாம் தட்டைக் கடந்து, தழும்பு தீயாய் இழுக்க இழுக்க மேலேறி, இன்னும் இரண்டு விரற்கடை தூரமென்று தவித்தவேளை, கதவுநிலையைப் பிடித்துப் பழகிய குதிகள் இரண்டும் மெல்ல எழுந்தன. பேணி அசைந்தது. பேணி இறங்கியது. மார்பில்லாத பக்கத்தில் அது வாகாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் ஒன்றுக்கும் உதவாதென்று யார் சொன்னது?

சின்னாச்சி அகப்பையைக் கொடுத்துவிட்டுப் பலகையில் போய் இருந்தாள். தூள் கலந்த குழம்பு கொதித்த வாசத்தில் பரமலிங்கத்தார் ஒரு மணிநேரம் முன்னதாகவே கைகழுவிக்கொண்டு வந்தார். சோறு பரிமாறப்பட்டது. கரவெட்டிப் பேரரசி முதற்கவளத்தை வாயில் வைத்தாள். அவள் கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது. இனி அந்த வாயிலிருந்து இன்னொரு "பாவம்" வருமானால் இத்தனை மாதப் போரும் வீண் என்று, அகப்பை ஏந்திய கையோடு மூச்சடக்கி நின்றாள் நம் வீராங்கனை.

"கறிக்கு உப்புக் காணாது" என்றாள் சின்னாச்சி.