டூட்டி இல்லாதவன் கிரவுண்டில் நிற்கக் கூடாது

உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்று கண்டுபிடித்தவர் எங்கள் ஆம்பூர் கட்டிங் மாஸ்டர். டூட்டி உள்ளவன், டூட்டி இல்லாதவன். மூன்றாவதாக ஒரு வகை உண்டு என்று கடவுளே நேரில் வந்து சொல்லியிருந்தாலும், முதலில் அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வாலிபால் நெட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டச் சொல்லியிருப்பார்.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை அவருக்கு. சொந்தப் பெயர் ஒன்று உண்டு, ரேஷன் கார்டைத் தாண்டி அது புழங்கியதில்லை. மூடிப்போன தோல் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அவர் ஒரு வாலிபால் கிளப் நடத்தினார். நான் அதற்குச் செயலாளர். தண்ணீர் தெளிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, நெட் கட்டுவது எல்லாம் நாங்களேதான். வேலை செய்யாதவனுக்குப் பந்து கிடையாது. சும்மா வேடிக்கை பார்க்கவும் விடமாட்டார்.

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த எஸ்.ஐ. ஒருவர், வெள்ளை வெளேரென்று ஷூ போட்டுக்கொண்டு ஆட வந்தார். மாஸ்டர் சுண்ணாம்பு வாளியை நீட்டினார். தான் யாரென்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“தெரியும் பா. கோடு நேரா வரணும்.”

அன்றைக்கு அவர் போட்ட அளவுக்கு நேரான கோட்டை, அவர் எழுதிய எந்த எஃப்.ஐ.ஆரிலும் யாரும் பார்த்திருக்க முடியாது.

டூட்டிக்கு மட்டம் போட்டால் மாஸ்டர் திட்டமாட்டார். மறுநாள் காலையில், ஷிப்ட் நேரத்தில், மட்டம் போட்டவன் வேலை பார்க்கிற கம்பெனி கேட்டுக்கு ஆறு சாத்துக்குடியுடன் வந்து நிற்பார். “பாவம், உடம்பு முடியலயாம். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று வாட்ச்மேனிடம் விசாரிப்பார். உள்ளே போகிற நானூறு பேரும் கேட்டுக்கொண்டே போவார்கள். ஒருநாள் தண்ணீர் தெளிக்காமல் தூங்கிவிட்டேன். மறுநாள் மதியத்துக்குள் எனக்கு மஞ்சள் காமாலை என்று முடிவாகிவிட்டது. வாணியம்பாடியிலிருந்து வரவிருந்த பெண் வீட்டார் பயணத்தை ஒத்திவைத்தார்கள். இன்று வரை ஒத்திவைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பந்து கதையையும் சொல்லிவிட வேண்டும். பழைய பந்தின் மேல்தோல் உரிந்துபோனது. புதிது வாங்குவது தோல் ஊருக்கே கேவலம் என்று மாஸ்டருக்குத் தோன்றிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் பூட்ஸுக்கு வந்த தோலில் கழித்துக் கட்டிய துண்டுகளை வெட்டினார். தையல் செக்‌ஷன் அக்காக்கள் சாப்பாட்டு இடைவேளையில் தைத்துக் கொடுத்தார்கள். அது பந்தா, பூசணிக்காயா என்று தெரியாது. ஆனால் எங்கள் கிரவுண்டுக்கு வந்த டீமெல்லாம் மணிக்கட்டு வீங்கித் திரும்பிப் போனார்கள். வரிசையாகப் பதினோரு ஆட்டம் ஜெயித்தோம். உலகமே எங்களைக் கண்டு நடுங்குவதாக நினைத்துக்கொண்டோம்.

பிறகு குடியாத்தத்தில் ஒரு போட்டி. அங்கே எடையே இல்லாத கடைப் பந்து. எங்கள் முதல் சர்வீஸ் காம்பவுண்டைத் தாண்டி ஒரு விசைத்தறி ஷெட்டுக்குள் போய் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவதற்குத் தறிக்காரரே வெளியே வந்து கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அரை மணியில் தோற்றோம்.

பந்தைச் சரிபார்க்கும் டூட்டி யாருடையது என்று ஊர் திரும்பியதும் மாஸ்டர் விசாரித்தார். அவருடையதுதான். மறுநாள் தன் கம்பெனி கேட்டுக்குத் தானே ஆறு சாத்துக்குடி வாங்கிப்போய், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து தனியாக உரித்துத் தின்றார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நாங்கள் கிளப்பை விட்டு அனுப்பிவைத்தோம்.

ஊரில் புதிதாகப் பணம் பார்த்த ஒரு முதலாளி எங்களுக்குப் புரவலராக முன்வந்தார். சிமென்ட் தரை, கேலரி, முதுகில் பெயர் போட்ட ஜெர்சி எல்லாம் தருவதாகச் சொன்னார். தன் மைத்துனர் தலைவராக இருக்க வேண்டும், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் போடப்படும், இவ்வளவுதான் நிபந்தனை. மைத்துனர் வாலிபாலுக்கு ஒரு பக்கம் எத்தனை பேர் என்று என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்களுக்கென்ன, இனிமேல் கூட்ட வேண்டாம், தெளிக்க வேண்டாம்.

கூட்டத்தில் மாஸ்டர் ஒரே முறைதான் பேசினார்.

“சம்பளத்துக்கு வர்றவன் நம்மள விட நல்லாவே கூட்டுவான் பா. ஆனா நீங்க வர மாட்டீங்க.”

நாங்கள் சிரித்தோம். எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அவரை ‘கௌரவ ஆலோசகர்’ ஆக்கிய கடிதத்தை டைப் அடித்தவனும் நான்தான். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“ஆலோசகர்னா இன்னா டூட்டி?”

“டூட்டி ஒண்ணும் இல்ல மாஸ்டர். சும்மா சேர்ல உக்காந்தா போதும்.”

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “டூட்டி இல்லாதவன் கிரவுண்டுல நிக்கக் கூடாதுடா” என்று சொல்லிவிட்டு, நெட் பெட்டிச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாரா என்று இப்போது யோசித்து என்ன பிரயோசனம்?

தரை பளபளத்தது. முதல் மாதம் இருபது பேர் வந்தோம், அப்புறம் எட்டு, அப்புறம் நான்கு. வராதவனைத் தேடி யாரும் போகவில்லை. ஆறே மாதத்தில் முதலாளி அங்கே தன் லாரிகளை நிறுத்த ஆரம்பித்தார். முதுகில் பெயர் போட்ட ஜெர்சியால் என் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன தை மாதம் மாஸ்டரின் மகளுக்குக் கல்யாணம். ஒருவரையும் விடாமல் பத்திரிகை வைத்திருந்தார். போனோம். பந்தியில் பரிமாற ஆள் பற்றாமல் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். வியர்வையில் நனைந்துபோய் மாஸ்டர் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஒரு சாம்பார் வாளியைத் தூக்கினேன். அவர் ஓடிவந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை.

“நீங்க உக்காருங்க சார். விருந்தாளிங்கள வேல வாங்குனா நல்லா இருக்காது.”

பத்து வருடம் என்னை ‘டேய்’ என்று கூப்பிட்ட வாய் அது. இலையில் என்ன வைத்தார்கள், என்ன சாப்பிட்டேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிற டூட்டியையாவது அவர் எனக்குக் கொடுத்திருக்கலாம்.