மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை

பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது.

வெள்ளிக்கிழமை காலையில் வாசு தன் பழைய பிக்கப் வண்டியை இந்த லட்சணத்தில்தான் ஆண்டர்சன்பேட்டையிலிருந்த சைலஸின் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். வழியில் ஒரு சவ ஊர்வலம். மரியாதைக்கு வேகத்தைக் குறைக்கலாமென்று பிரேக்கைத் தொட்டான். வண்டி வீறிட்டது. பயந்து காலை எடுத்தான், மறுபடி வைத்தான், மறுபடி வீறிட்டது. மேளம் அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒதுங்கிப் போய்விடலாமென்று இண்டிகேட்டர் போட்டான். வைப்பர் இரண்டும் எழுந்து, போகிறவருக்கு டாட்டா காட்டின.

சைலஸ் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்தான். பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்று அதற்குப் பெயர்.

"மேஸ்திரிண்ணா இவன். லைட்டு, ஹாரன், கதவுப் பூட்டு, எது எப்ப வேலை செய்யணும்னு இவன்தான் சொல்லணும். இவனுக்கே உடம்பு சரியில்ல. உள்ள ஈரம் கீது."

பெட்டியை முகர்ந்து பார்த்தான். புளிப்பு வாடை. காரணம் வாசுவுக்கு உடனே விளங்கிவிட்டது. பதினோரு வருஷமாகப் பேத்தமங்களா தோட்டங்களிலிருந்து தக்காளி ஏற்றுகிற வண்டி. நேற்றுகூட ஒரு பெட்டியை இடமில்லாமல் முன்சீட்டில் வைத்திருந்தான். நசுங்கி ஒழுகியிருக்கும். தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நாங்க பெங்களூர்ல இருக்கணும் சைலஸ். தெரியுமில்ல?"

சைலஸுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வாசுவின் மனைவி ராதிகா பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். பதினான்கு வருஷமாக விடிவதற்கு முன்னால் எழுந்து, மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ராத்திரி திரும்பி வருகிற வாழ்க்கை. முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வாசு முடிவெடுத்துவிட்டான். அங்கேயே குடி போய்விடலாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடும் கிடைத்தது. வீட்டுக்காரர் கறாரான மனுஷர். ஞாயிறு ஆறு மணிக்குள் வந்து பால் காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் அடுத்து காத்திருப்பவருக்கு என்று சொல்லிவிட்டார்.

ராதிகா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "நெசமா உங்களுக்கு அங்க போக ஆசையா?"

"ரொம்ப," என்றான் வாசு. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூரில் அவனுக்குத் தோட்டமும் கிடையாது, தக்காளியும் கிடையாது, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளும் கிடையாது. ஆனால் அவள் முழங்கால் அவனுடையது மாதிரிதான். வலித்தால் இவனுக்கும் தூக்கம் போய்விடும்.

"நீங்க சொன்னா சரி," என்று அவள் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள். வியாழக்கிழமையே அடுப்பையும் கட்டியாயிற்று. அதிலிருந்து மூன்று வேளையும் ஓட்டல் இட்லிதான்.

சனிக்கிழமை காலையில் பெங்களூர்ப் பழைய சாமான் கடையிலிருந்து இன்னொரு மாட்யூல் ரயிலில் வந்து இறங்கியது. மாட்டினால் மட்டும் போதாதாம். லேப்டாப்பை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தான் சைலஸ். புது மேஸ்திரிக்கு ஆட்களை அறிமுகம் செய்கிறேன் என்றான். மத்தியானம் வண்டி ஒழுங்குக்கு வந்தது. பிரேக் பிரேக்காக இருந்தது, ஹாரன் ஹாரனாக இருந்தது. வாசுவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாயங்காலம் பீரோ, கட்டில், மெத்தை எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டினான். சாமிப் பாத்திரங்களை மட்டும் முன்சீட்டில் நானே வைப்பேன் என்று ராதிகா பிடிவாதம் பிடித்தாள்.

ஞாயிறு காலையில் சாவியைத் திருப்பினான். கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன, திறந்தன, பூட்டிக்கொண்டன. ஹாரன் இந்தத் தடவை பிரேக்குக்காகக் காத்திருக்கவில்லை. ஒரே மூச்சாக ஊதியது. லைன் வீட்டு வரிசையில் அத்தனை கதவும் திறந்தது. பக்கத்து வீட்டு வெங்கடம்மா, அவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து வழியனுப்பினாள். பேட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் ஊதல் நின்றது. அவள் அழுகை நிற்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

வேறு வண்டி பிடிக்கலாமா என்றான் வாசு. சொந்த வண்டி இருக்கும்போது வாடகை வண்டியில் குடி போனால் விளங்குமா என்றாள் ராதிகா. ரயிலில் போய்ப் பாலையாவது காய்ச்சிவிட்டு வரலாமே என்றான். இத்தனை மூட்டையையும் நடுத்தெருவில் விட்டுவிட்டா என்றாள். ஏற்றிய சாமானோடேயே வண்டியைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது மாட்யூலும் நனைந்திருந்தது. அதே புளிப்பு. இணைப்பு முட்களுக்கு நடுவில் ஒரு கடுகு.

"தக்காளியோட கடுகும் ஏத்துறியாண்ணா?"

போன வாரம் மளிகை ஏற்றியது வாசுவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் நேற்று தக்காளியே ஏற்றவில்லையே. பழைய சாறு எங்கேயோ தங்கி நின்று ஒழுகுகிறது என்று சைலஸ் தீர்ப்புச் சொன்னான். ஷெட்டுக்குப் பின்னால் செத்துக் கிடந்த அதே ரக வண்டியிலிருந்து மூன்றாவது மேஸ்திரியைக் கழற்றிவந்து, துடைத்து, மாட்டி, மறுபடி லேப்டாப்போடு உட்கார்ந்தான். ஒன்றரை மணிக்கு எஞ்சின் கிளம்பியது. சைலஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ராதிகா ஃபிளாஸ்கில் காப்பியும் ஒரு தூக்குவாளியுமாக வந்து இறங்கினாள். ஆண்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் காப்பி குடித்தார்கள். கால் வலிக்கிறது என்று அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். அவள் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்ததை வாசு பார்த்தான். அவளுக்காகவாவது போய்த்தான் ஆக வேண்டும்.

எழுந்து போய்ச் சாவியைத் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. ஹாரன்கூட இல்லை.

சைலஸ் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு. ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். அவன் அப்பா ஊர்த் தங்கச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். காலை ஷிஃப்ட் ஆறிலிருந்து இரண்டு. சைலஸ் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் ஷிஃப்டை மட்டும் மூடவில்லை.

"ரெண்டாம் ஷிஃப்டுக்கு யாரு?" என்று கேட்டான் வாசு, ஒரு நப்பாசையில்.

"யாரும் இல்லண்ணா. காலையில ஆறு மணிக்கு நானே வர்றேன்."

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். வாசு பேசி முடிப்பதற்கு முன்பே வைத்துவிட்டார்.

அடுப்பையும் பாயையும் மட்டும் ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். காலி வீட்டில் செருமினால்கூட எதிரொலித்தது. சுவரில் பீரோ நின்ற இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ராதிகா பையிலிருந்து காலண்டரை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

வாசு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "உனக்கு ஒரு நல்லது செய்யணும்னு நெனைச்சேன். அந்தத் தக்காளியால அதுவும் போச்சு."

"விடுங்க," என்றாள் அவள். "காலையில ட்ரெயின் இருக்குது."

அவன் தைலத்தைத் தேடி எடுத்து அவள் முழங்காலை நீவிவிட்டான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்ததற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெங்கடம்மா வந்தாள். மூலையில் கிடந்த தன் தூக்குவாளியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். காலி. திருப்தியாகத் தலையாட்டினாள்.

"இன்னா வாசு, உனக்கு ஆசையா கீதுன்னு ராதிகா வியாழக்கிழமை ரசம் வாங்கினு போச்சு, நேத்து வாங்கினு போச்சு, இன்னிக்கு மத்தியானமும் வாங்கினு போச்சு, நல்லா இருந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலியேப்பா?"