கிளாக்கர் ஐயாவின் பழைய அர்த்தங்கள்

இனிமேல் இங்கிலீஷ் சொற்களைப் பழைய அர்த்தத்தில் மட்டுமே பேசுவது என்று கிளாக்கர் கணேசமூர்த்தி ஒரு திங்கட்கிழமை காலை முடிவு செய்தார். பல் விளக்கும்போது எடுத்த முடிவு. வாயெல்லாம் நுரையாக இருந்ததால் உடனே யாரிடமும் அறிவிக்க முடியவில்லை.

எல்லாம் ஒரு அகராதி செய்த வேலை. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஐம்பத்தேழில் வெள்ளைக்கார துரை சீமைக்குக் கப்பலேறியபோது, பங்களாக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த தடிப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். கணேசமூர்த்தி அதைத் தலையில் சுமந்து குவாட்டர்ஸுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் இன்றைய அர்த்தம் பெரிய எழுத்தில். வழக்கொழிந்த அர்த்தம் கீழே எறும்பெழுத்தில். அவர் கண் எறும்புகள் மேல்தான் போனது.

அன்று காலை மனைவி அம்மாக்கண்ணு தோசை வைத்தாள்.

"சட்னி எப்படிங்க?"

"நீ ரொம்ப நைஸ், அம்மாக்கண்ணு."

"ஆமாங்க, நைஸாத்தான் அரைச்சேன்."

கணேசமூர்த்திக்குச் சிரிப்பில் புரையேறியது. அந்தக் காலத்தில் 'நைஸ்' என்றால் முட்டாள்! அகராதியில் அச்சடித்துப் போட்டிருக்கிறது. அதை அறியாத அம்மாக்கண்ணு பூரித்துப்போய் இன்னொரு தோசை போட்டாள்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்திராத மனிதர் அவர். இப்போது நாளுக்குப் பன்னிரண்டு தடவை ஜெயித்தார். ஒவ்வொரு வெற்றிக்கும் பரிசாகத் தோசையோ வடையோ வந்தது. நடையே மாறிவிட்டது. ஆபீசுக்கு நெஞ்சு முதலில் போனது. அவர் பின்னால் போனார்.

வெற்றியைத் தனியாகச் சுமக்க முடியவில்லை. தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் முத்துலிங்கத்திடம் சொன்னார். முத்துலிங்கம் தன் மனைவி வேலாயியிடம் சொன்னார். மறுநாள் தண்ணீர்ப் பீலியில் குடம் நிறைவதற்குள் வேலாயி அதை அம்மாக்கண்ணுவிடம் சொல்லி முடித்துவிட்டாள்.

அம்மாக்கண்ணு குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாளும் இரண்டாவது தோசை வந்தது. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டார்.

அம்மாக்கண்ணு ஹட்டனில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கணவர் ஆபீசுக்குப் போனதும் அகராதியை இறக்கி, மூன்று நாள் விரல்வைத்துத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்துலிங்கமும் வேலாயியும் தேத்தண்ணி குடிக்க வந்தார்கள். பின்கதவருகில் ஈரச்சாக்கில் லீக்ஸ் நாற்று வாடிக்கொண்டிருந்தது. நோர்வூட்டிலிருந்து அம்மாக்கண்ணுவின் தங்கை அனுப்பியது.

"ஏங்க, ரெண்டு பாத்தி கொத்திக் குடுங்க. இன்னைக்கு நடாட்டி நாத்து செத்துரும்."

"பேனா பிடிக்கிற கை மம்பட்டி பிடிக்காது." பாத்தி கேட்கும்போதெல்லாம் இரண்டு மாதமாக அவர் சொல்லும் பதில்தான். அதோடு விட்டிருக்கலாம். முத்துலிங்கம் பார்க்கிறாரே என்று மார்பைத் தட்டினார். "நமக்கு அகராதிதான் சட்டம். அதுல உள்ள பழைய அர்த்தத்தை மீறினா நான் கிளாக்கரே இல்ல!"

"அப்ப ஒரு சந்தேகங்க," என்றாள் அம்மாக்கண்ணு. "ஹஸ்பன்ட்னா என்ன?"

"இது தெரியாதா? புருஷன்."

"அது புது அர்த்தங்க. எவனுக்கும் தெரியும். பழசு?"

கணேசமூர்த்தி பூரித்துப்போனார். பெண்சாதிக்கே ஆர்வம் வந்துவிட்டதே! அகராதியைப் பிரித்தார். எறும்பெழுத்தைக் கண்டுபிடித்தார். கணீரென்று தமிழாக்கிச் சொன்னார்.

"ஹஸ்பன்ட். நிலத்தைக் கொத்தி... பண்படுத்தி... பயிர்... செய்பவன்."

கடைசிச் சொல் அவருக்கே கேட்கவில்லை.

"இன்னொரு தடவை வாசிங்கண்ணே," என்றாள் வேலாயி. அவள் கையில் மண்வெட்டி இருந்தது. வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள்!

"இது ரொம்பப் பழசு..."

"பழசுதானேங்க அசல்?"

முத்துலிங்கத்தைப் பார்த்தார். முத்துலிங்கம் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பை குலுங்கியது.

கிளாக்கர் ஐயா வேட்டியை மடித்துக் கட்டினார். மண் இறுகிக் கல்லாக இருந்தது. பாதையில் போன லயத்துத் தொழிலாளி வீரய்யா நின்று பார்த்துவிட்டு, "ஐயா, நாளைக்குக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல உங்க பேரையும் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. வேலியோரம் கூட்டம் கூடியது. அம்மாக்கண்ணு மகாராணிபோல் ஸ்டூலில் உட்கார்ந்து, வரிசை கோணாமல் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது பாத்தியில் கணேசமூர்த்தியின் மூளையில் மின்னல் வெட்டியது. மண்வெட்டியைப் போட்டார். மண் ஒட்டிய கையோடு உள்ளே ஓடினார். மனைவி என்ற சொல்லுக்கும் பழைய அர்த்தம் இருக்குமே! நாற்று நடுபவள், தண்ணீர் சுமப்பவள் என்று ஏதாவது இருக்காதா? பக்கங்கள் படபடவென்று புரண்டன.

வெளியிலிருந்து அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது.

"வைஃபைத்தானே தேடுறீங்க? நான் முந்தியே பாத்துட்டேங்க. வெறும் 'பொம்பளை'ன்னுதான் போட்டிருக்கு. வேலை ஒண்ணும் குடுக்கல."