கல்லீரல் ஒரு வீட்டுக்கு, இதயம் வேறு வீட்டுக்கு

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதாகச் சொல்லாதீர்கள், கோபம் வரும். இவர்கள்தான் அதைத் தங்கள் உடம்பில் குடியிருக்க அனுமதித்திருக்கிறார்கள். குடிவைக்கும்போதே கறாராகப் பேசியும் வைத்திருக்கிறார்கள்: கால் பக்கம் கொஞ்சம் புழங்கிக்கொள், கண் பக்கம் வராதே, மற்ற அறைகளை எட்டிப் பார்க்காதே. நோய் கேட்டதா? அது யாருக்குத் தெரியும். பேசவேண்டியதை இவர்கள் பேசியாகிவிட்டது.

எங்கள் எனுகு நகரத்தில் இந்த இனம் சந்துக்குச் சந்து கிடைக்கும். அதில் முதல் தரமான ஆசாமி அனோசியே. வயது ஐம்பத்தொன்பது, சந்தையில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை, சர்க்கரை வந்து, மன்னிக்கவும், குடியேறிப் பதினோரு வருடம், அவர் வாசலுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பாகவே நுழைந்துவிடும் தொப்பை. எங்கள் பக்கத்தில் தொப்பை என்பது வியாபாரம் நன்றாக நடக்கிறது, மனைவி நன்றாகச் சமைக்கிறாள் என்பதற்கு ஊர் பார்க்கும் சாட்சி. சாட்சியைக் கலைக்க யாருக்கு மனம் வரும்?

மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு மருத்துவமனை. அதற்கு முந்தைய சனிக்கிழமையே அனோசியே முனிவராகிவிடுவார். கசப்புக் கீரையைப் பிழிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதும், வாழைக்காயை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்பதும், கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தை இரண்டு சுற்று நடப்பதும், நடக்கும்போது எதிரே வருகிறவர்களை எல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிட்டு நலம் விசாரிப்பதுமாக மூன்று நாள் தவம் நடக்கும். செவ்வாய் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுப்பார். ஒன்பது மணிக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் இருப்பார். இடித்த கிழங்கு ஒரு மலை, முலாம்பழ விதைக் குழம்பு ஒரு குளம், அதில் ஆட்டுக்கறி, பக்கத்தில் ஜில்லென்று இரண்டு பாட்டில் மால்ட் பானம்.

"அதுல முழுக்க முழுக்கச் சர்க்கரைதானே, கோசி அப்பா?" என்று பிள்ளையின் பெயரை வைத்துக் கூப்பிட்டு மனைவி உகோயே கேட்பாள்.

"மால்ட் சர்க்கரையா? அது சத்துடி. கொடுத்த ரத்தம் ஊற வேண்டாமா?"

இரண்டு சொட்டு ரத்தம் எடுத்ததற்கு இரண்டு பாட்டில் ஊறல்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவருடைய பெருமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். அனோசியேதான் தம் பங்காளிக் கூட்டத்தின் கத்திக்காரர். விழாவில் ஆடு அறுத்தால் கண்டபடி கூறு போட்டுவிட முடியாது. எந்தப் பாகம் எந்த வீட்டுக்கு என்பது அவர் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே தீர்ந்த விஷயம். இடுப்பு, அந்தக் குடும்பத்தில் பிறந்து வெளியே வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு. கல்லீரல், அறுக்கும்போது ஆட்டைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு. இதயம், மூத்தவர் வீட்டுக்கு. ஒரு துண்டு இடம் மாறினால் மூன்று வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோகும். பதினான்கு வருடமாக அனோசியே ஒரு துண்டைக்கூட மாற்றியதில்லை. இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. வெட்ட ஆரம்பித்த கத்தி கடைசிப் பங்கு பிரியும்வரை தரையைத் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் ஒன்றுவிட்ட தம்பி இலோசுவே. பதினான்கு வருடமாகக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான்.

இந்த ஜூலையில் டாக்டர் ஒபியகேலி முனிவரின் மூன்று நாள் தவத்தை நம்பாமல், வயிற்றையும் நெஞ்சையும் ஸ்கேன் எடுக்கவைத்துவிட்டாள். அவளும் பக்கத்து ஊர்ப் பெண்தான். அவள் அறை இரண்டாம் மாடியில். ஏறி வந்த அனோசியே நாற்காலியில் விழுந்து, "இந்தப் படியைக் கட்டினவன் திருடன். உயரத்தைத் தாறுமாறா வச்சிருக்கான்" என்றார்.

"படி சரியாத்தான் இருக்கு, சீஃப். உங்க கல்லீரல்ல கொழுப்பு நிறைய ஏறியிருக்கு. இதயமும் விறைச்சுப்போயிருக்கு. நல்லா அமுக்குது, ஆனா தளரணும்னா தளர மாட்டேங்குது. அதான் மூச்சு வாங்குது."

"ரெண்டையும் ஏன் சேர்த்துச் சொல்றே, மகளே?"

"சேர்ந்துதான் இருக்கு. சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கல்லீரல் கொழுத்தா அது சும்மா கிடக்காது. ரத்தத்துல கொழுப்பையும் சர்க்கரையையும் தள்ளிக்கிட்டே இருக்கும். அந்த ரத்தத்தைத்தானே இதயம் ராத்திரி பகலா வாங்கி விடணும்?"

அனோசியே சிரித்தார். குழந்தை தப்பாகக் கூட்டல் போட்டால் சிரிப்போமே, அப்படி.

"டாக்டரம்மா, நான் பதினாலு வருஷமா ஆடு பிரிக்கிறேன். கல்லீரல் ஒரு வீட்டுக்கு, இதயம் வேற வீட்டுக்கு. ஒரு வீட்டுப் பங்கு கெட்டுப்போனா இன்னொரு வீட்டுப் பங்கு எப்படிம்மா கெடும்? கல்லீரலுக்கு ஒரு மாத்திரை எழுது. இதயத்தை விட்டுடு, அது மூத்தவர் சொத்து."

டாக்டர் பேனாவை மூடினாள்.

"சீஃப், உயிரோட நிக்கிற ஆட்டை என்னைக்காவது பங்கு பிரிச்சிருக்கீங்களா?"

"அதெப்படி?"

"செத்த பிறகுதானே அது வேற வேற வீட்டுக்குப் போகுது? அதுவரைக்கும் எல்லாம் ஒரே வீடு."

இதைக் கேட்டு இன்னொருவர் வேர்த்திருப்பார். நம்மவர் இதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "படிச்ச பொண்ணு, பாவம், ஆட்டைப் பத்தி ஒண்ணும் தெரியலை!" மாத்திரைச் சீட்டு சட்டைப்பையோடு சலவைக்குப் போனது.

ஆகஸ்டில் புதுக்கிழங்கு விழா. இந்த வருடம் ஆடு அனோசியே கொடுத்தது. மே மாதம் வாங்கிவந்து, தாம் தின்றதையெல்லாம் அதற்கும் கொடுத்து வளர்த்திருந்தார்: ரொட்டி, கிழங்குத் தோல், பாட்டிலின் அடியில் மிஞ்சிய மால்ட். அது நாலடி நடந்தால் நின்று யோசிக்கும் ஆடாக வளர்ந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அது அனோசியே ஜாடை என்றார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

பங்காளிகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். மங்கலத்துக்குக் கோலாக் கொட்டை உடைத்துப் பகிர்ந்தாயிற்று, ஆட்டை அறுத்து உரித்தாயிற்று. அனோசியே கத்தியை எடுத்தார். முன்னங்கால், பின்னங்கால், இடுப்பு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி இலையில் வைத்தார். இடுப்புக்கு வரும்போதே மூச்சு முட்டியது. உட்கார வழியில்லை, கத்தி கையில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, மூச்சு வாங்குதே. கத்தியைக் கொஞ்சம் வாங்கிக்கட்டுமா?" என்றான் இலோசுவே, தேன் ஒழுகும் குரலில்.

"தள்ளி நில்லுடா. வெயில் ஜாஸ்தி."

வானம் முழுக்க மேகம்.

வயிற்றைத் திறந்து கல்லீரலை வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கருஞ்சிவப்பாக இருக்கவேண்டியது மஞ்சள் பூத்து, வீங்கி, விரலில் வழவழத்தது. ஆட்டைப் பிடித்த பையன்கள் கழுத்தை நீட்டிப் பார்த்து, "எங்களுக்கு வேண்டாம், சீஃப்" என்று பின்வாங்கினார்கள். அனோசியே வேகமாக இதயத்தை எடுத்தார். அது வேறு வீடு அல்லவா, சுத்தமாக இருக்கும். அதைச் சுற்றியும் விரல் கனத்துக்குக் கொழுப்பு.

அவருக்குப் பயம் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, வெட்கமில்லாத, அப்பட்டமான பயம். ஒரு கையில் இதயம், இன்னொரு கையில் கத்தி, காதில் டாக்டர் குரல். நெஞ்சுக்குள் ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது.

"இன்னையிலேருந்து கல்லீரலும் இதயமும் ஒரே வீட்டுக்குத்தான் போகும்!" என்று கத்தினார்.

சபை கொதித்தது. எந்த வீட்டுக்கு? யாரைக் கேட்டு? ஐந்து பேர் எழுந்து நின்று பேச, மூத்தவர் தடியால் தரையைத் தட்ட, இடுப்புக்கு வந்திருந்த பெண்கள் தங்கள் பங்கும் பறிபோகப்போகிறது என்று கூச்சல் போட்டார்கள். யாரும் அனோசியேவைப் பார்க்கவில்லை. உகோயே மட்டும் பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"கோசி அப்பா, கத்தியைக் கீழே வைங்க."

"வச்சா போயிடும்டி."

"போகட்டும். நீங்க இருங்க."

வைத்தார். பதினான்கு வருடக் கத்தி தரையைத் தொட்டது. இலோசுவே குனிந்து எடுப்பதற்குள் உகோயே புருஷனை வாடகைக் காரில் ஏற்றிவிட்டாள்.

அன்று அவர் பிழைத்தார். இப்போது மாத்திரை போடுகிறார். யாரும் பார்க்காதபோதுகூட நடக்கிறார். மால்ட் பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவர், இடித்த கிழங்குப் பானையை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கல்லீரலும் இதயமும் ஒரே வீடு. ஒத்துக்கறேன். ஆனா சிறுநீரகம் தனிக்குடித்தனம்தானே, உகோயே?"

அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிப்பில் சர்க்கரை இல்லை. ஆனால் நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டும் என்று இன்று ஒருநாள் மட்டும் மைசூர்பாகை ஒதுக்கியவர் யார்? "எனக்குக் கொஞ்சம் கொழுத்த கல்லீரல், அவ்வளவுதான், நெஞ்செல்லாம் கல்லு மாதிரி" என்று போன கல்யாணப் பந்தியில் மார்தட்டியவர் யார்? தெரியாவிட்டால் பரவாயில்லை. அடுத்த தடவை மாடி ஏறி முடித்ததும், யாரைத் திட்டுகிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். படி கட்டியவனைத்தான் என்றால், கத்தியை இப்போதே கீழே வைத்துவிடுங்கள்.