சிலந்தி இல்லாத பேருந்து நிலையம்

அறிவிப்பு அறையில் அவள் தலையணை மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டிருந்தபோதுதான் நிலைய மேலாளர் கதவைத் திறந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளரான அவளுக்குக் கைவசம் நல்ல பொய் எதுவும் இல்லை. "சிலந்தி வலை சார். அடிக்கலாம்னு."

"ஒத்தைக் கால்லயா?"

"ரெண்டு காலையும் ஊனினா அதிர்வு தெரிஞ்சு ஓடிடும் சார்."

மேலாளர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே வலையும் இல்லை, சிலந்தியும் இல்லை. "நியாயம்தான்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

உண்மை வேறு. நரம்புகளின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகும் நோய் அவளுக்கு; மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நடந்தால் தரை நழுவும், பேசினால் சொல் நழுவும். "காலுக்கு வேலை கொடுக்கும்போதே மூளைக்கும் கொடுங்க. ரெண்டும் சேர்ந்து பழகணும்" என்று ஆஸ்பத்திரிப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலையைப் பிடுங்கிக்கொண்டு தொலைந்த பொருள் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். யாரோ விட்டுப்போன குடைகளோடு நாளெல்லாம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் அறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிக்கப்பட்டிருந்தது.

"இது எதுக்கு சார்?"

"சிலந்தி அடிக்கிறவங்க பிடிச்சுக்கத்தான்" என்றார் மேலாளர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

இனி அறைக்குள் பயிற்சி சரிப்படாது என்று அவள் பிளாட்பாரத்துக்கு வந்தாள். நடுவே போட்டிருந்த மஞ்சள் கோட்டின் மேல், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டிவைத்து, அடி அடியாக நடந்தாள். ஓட்டுநர் ஒருவர் எதிரே வந்து நின்றார்.

"கோடு நேரா இருக்கான்னு பார்க்கிறேண்ணே."

"இருக்கா?"

"கொஞ்சம் ஆடுது."

"ஆடுறது கோடுதான். சந்தேகமே இல்ல" என்றார் அவர்.

மறுநாள் கோட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, இருபுறமும் இருந்த தள்ளுவண்டிகளை ஓரங்கட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு, வேலை முடிந்த ஓட்டுநர்கள் கோட்டைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அவளுக்கு முன்னும் பின்னும் வரிசையாக நடந்தார்கள்.

ஞாபகப் பயிற்சியையாவது அறிவிப்போடு அறிவிப்பாக முடித்துவிடலாம் என்று நினைத்தாள். நிறுத்தங்களின் பெயர்களைக் கடைசியிலிருந்து சொல்லிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி, நூலகம், அப்புறம்... அப்புறம்..."

"தண்ணித் தொட்டி" என்று பிளாட்பாரமே ஒரே குரலில் எடுத்துக்கொடுத்தது. ஒரு கைக்குழந்தை மட்டும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது என்ற முடிவுக்கு அவள் வந்தாள். எல்லாம் தன் ஒரு பொய்யால் வந்த வினை என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலக அதிகாரி சோதனைக்கு வந்து இறங்கினார். அறிவிப்பு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மேலாளர், ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பெட்டியும் கையுமாகப் பயணிகள் என்று அத்தனை பேரும் ஒற்றைக் காலில் நின்றிருந்தார்கள்.

"இது என்னய்யா கூத்து?"

"சிலந்தி சார்" என்றார் மேலாளர்.

"எல்லாருக்குமா?"

"பெரிய சிலந்தி சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். மேலாளர் வேலைக்கே உலை வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. கம்பியை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"சார், தப்பு என்னோடது. சிலந்தியே கிடையாது. எனக்கு நரம்பு வியாதி. இதெல்லாம் அதுக்கான பயிற்சி. சொன்னா தொலைஞ்ச பொருள் அறைக்கு மாத்திடுவீங்கன்னு மறைச்சேன்."

அதிகாரி குனிந்து அவள் கால்களைப் பார்த்தார்.

"அங்க பொருள் எடுக்க ஏணி ஏறணும். அதெல்லாம் உங்களுக்கு ஆகாது. நீங்க இங்கயே இருங்க" என்று பேனாவை மூடினார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "உங்களையெல்லாம் இத்தனை நாளா ஏமாத்திட்டேன்."

ஒருவரும் காலைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் தண்ணீர் பாட்டில் விற்பவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க அக்காகிட்ட போன்ல அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னீங்களே, அன்னிக்கு மைக்கை அணைக்கலம்மா, 'ஒருத்தருக்கும் தெரியக்கூடாது'ன்னீங்க, அதான் எங்க ஒருத்தருக்கும் தெரியாது."